சப்பாத்துப் போட்ட எழுத்துகள்

"எழுத்துக்கெல்லாம் ஏன் பிள்ளை சப்பாத்துப் போட்டு விட்டிருக்கிறாய்?"

ஒன்பதாம் வகுப்பில் ரஜிதா ரீச்சர் கேட்ட கேள்வி இது. கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். சுவர்ப்பத்திரிகைக்குத் தலைப்பு எழுதித் தரச் சொல்லி சுதாஜினியிடம் ஒரு மட்டையைக் கொடுத்திருந்தார். அவள் எழுதிக்கொண்டு வந்த தலைப்பில் ஒவ்வோர் எழுத்தும் தடித்த பாதம் வைத்து, குதியை உயர்த்தி, எங்கேயோ கொண்டாட்டத்துக்குப் புறப்பட்டதுபோல நின்றது. வகுப்பு சிரித்தது. ரீச்சரும் சிரித்தார். சுதாஜினிக்குப் பதில் தெரியும்போலத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய தொண்டைக்கு ஒரு கெட்ட பழக்கம். வெளியே போகப் புறப்படும் சொல்லை வாசலில் மறித்து, "எங்கை போறாய், உள்ளுக்குப் போ" என்று திருப்பி அனுப்பிவிடும்.

அடுத்த வருடம் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா, பள்ளிக்கூடம் அவளை விட்டதா என்பதில் முரசுமோட்டையில் இரண்டு கருத்து உண்டு. எழும்பி நின்று வாய்திறக்க முடியாத பிள்ளை வீட்டோடு நின்றுகொண்டாள். எழுத்து மட்டும் நிற்கவில்லை. ஈர்க்கால் முற்றத்து மணலில் எழுதினாள். கரியால் குசினிச் சுவரில் எழுதினாள். அம்மா நாகேஸ்வரி இடியப்பத்துக்கு மாக் குழைக்க வந்தால், அரித்த மாவுக்குள் ஒரு 'ழ' சப்பாத்துப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்.

"இதைக் குழைக்கிறதோ, கும்பிடுறதோ?" என்று கேட்டுவிட்டு அம்மா குழைத்துவிடுவார்.

சுதாஜினி பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசவென்று பிறந்தவர் அவளுடைய மாமா இளையதம்பி. ஓட்டோ ஓடுபவர். ஏறுகிற ஆள் இறங்குவதற்குள் தன் கலியாணக் கதையை முடித்து, அவருடைய கலியாணக் கதையையும் வாங்கிவிடுவார். அந்த ஓட்டோவின் பின்பக்கத்தில்தான் சுதாஜினி முதன்முதலாகப் பெயின்ற்றால் எழுதினாள். 'ஆறுதலாய் வாறன்.' மஞ்சள் எழுத்து, கறுப்பு நிழல், ஒவ்வொன்றுக்கும் குதி உயர்ந்த சப்பாத்து. பார்த்தவர்கள் எல்லோரும், "ஆர் அண்ணை எழுதினது?" என்று கேட்டார்கள்.

"நான்தான். சும்மா இருந்தால் எனக்குக் கை அரிக்கும்," என்றார் மாமா.

ஒருநாள் பின்சீற்றில் இருந்தபடியே சுதாஜினி இதைக் காதாரக் கேட்டாள். அவளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விதமாக இருந்தது. அப்பாடா, ஒருவரும் என்னைப் பார்க்கப் போவதில்லை என்ற நிம்மதி ஒருபக்கம். மறுபக்கம், சட்டைக்குள் எறும்பு புகுந்ததுபோல ஒரு கடி. எறும்பை எடுத்து வெளியே விடவும் வெட்கமாக இருந்தது.

அந்தநேரம் பார்த்துத்தான் கிருசாந்தன் கட்டாரிலிருந்து வந்து இறங்கினான். வேலை முடிந்த நேரமெல்லாம் அறையில் படுத்துக் கௌபாய்ப் படம் பார்த்தே காலம் போக்கியவன். தகப்பனிடம் எருமைகள் இருந்தன. பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியோரமாக 'கொம்பன் எருமைத்தயிர்' என்று ஒரு கடை திறப்பதென்று முடிவெடுத்தான். பெயர்ப்பலகை செய்ய இளையதம்பியைத் தேடி வந்தான். ஊருக்கு அவர்தானே கலைஞர்.

"அண்ணை, இந்த மாதிரித்தான் வேணும்," என்று போனில் ஒரு படத்தைக் காட்டினான். நீண்ட கொம்போடு ஒரு மாட்டு மண்டையோடு. மேலே வில்லாக வளைந்த தடித்த எழுத்து. சுற்றிவரக் கயிறு, நட்சத்திரம். கீழே குறுக்கும் மறுக்குமாக, சுடுகிற துவக்கு இரண்டு. "பழைய கௌபாய்க் கடை போர்ட். நூறு வருசம் வெயிலில காஞ்ச மாதிரி இருக்கோணும்."

"நூறு வருசமோ? நீ கடை இன்னும் திறக்கேல்லையடா தம்பி."

"அதுதான் அண்ணை ஸ்ரைல்."

"அப்ப துருவையும் சேர்த்தே கீறிவிடுறன். ஆனால் உந்தத் துவக்கு வேண்டாம். பரந்தன் சந்தியில துவக்குக் கீறி வைச்சியெண்டால் நீ தயிர் விக்கமாட்டாய். பொலிசுக்கு வாக்குமூலம்தான் குடுப்பாய்."

"ஐயோ, அது உண்மை," என்று கிருசாந்தன் போனை அவசரமாகத் துடைத்தான், துவக்குகள் விரலில் ஒட்டிவிட்டதுபோல.

துவக்கை எடுத்துவிட்டு இரண்டு தயிர் அகப்பை வைப்பதென்று முடிவானது. தாங்கள் எவ்வளவு கவனமான ஆட்கள் என்று இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள். துவக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால், மற்றதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஓட்டோவுக்குள் இருந்த சுதாஜினிகூட யோசிக்கவில்லை. அவள் அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டாள். உலகத்தில் எங்கேயோ, அவளைத் தெரியாத யாரோ, அவளைக் கேட்காமலே எழுத்துக்குச் சப்பாத்துப் போட்டிருக்கிறார்கள்! அவளுக்கு ஓட்டோவை விட்டுக் குதித்து ஓடவேண்டும்போல இருந்தது. ஓடி எங்கே போவதென்றுதான் தெரியவில்லை.

வேலை சுதாஜினி வீட்டு மாட்டுக்கொட்டிலில் தொடங்கியது. மாமா முதல்நாள் வந்து, சட்டைப்பையில் செருகியிருந்த பழைய பிரஷ்ஷை எடுத்து நீட்டினார்.

"மருமகள், நுனியில கொஞ்சம் சிவப்புத் தொட்டு விடு. வேலை நடக்குதெண்டு நாலு பேருக்குத் தெரியவேணும்."

தொட்டு விட்டாள். அவர் அதைப் பையில் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு சந்திக்குப் போய்விட்டார்.

சுதாஜினிக்கு ஒரு சிக்கல் வந்தது. ஆங்கில எழுத்துக்கு எல்லாம் நேரான கால். எங்கே சப்பாத்து மாட்டுவதென்று யோசிக்கவே தேவையில்லை. தமிழோ சுருண்டு படுக்கிற சாதி. இதுவரை இல்லாத காலை இழுத்து ஒட்டித்தான் சமாளித்திருந்தாள். 'ப'வுக்குக் கால் எங்கே இருக்கிறது? நிலத்தில் அமர்ந்து இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பகல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பகல், உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினாள். காலில்லாத எழுத்துக்குத் தொப்பி! கால் கீழே முடிகிற 'க', 'ன', 'ர' எல்லாவற்றுக்கும் சப்பாத்து. கோடு மேலே முடிகிற 'ப', 'ம', 'ய' எல்லாவற்றுக்கும் தொப்பி. புள்ளி எல்லாம் நட்சத்திரம். 'கொ'வின் முன்னால் வருகிற சுழி, மாடு பிடிக்க எறிகிற கயிறு. எழுதிப் பார்த்த பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குள் தனியே சுற்றிச் சுற்றி ஆடினாள். கோழிகள் அவளைப் பார்த்து ஒதுங்கின.

அம்மாவின் தையல்பெட்டியிலிருந்த, உருட்டினால் துளை விழுகிற பல்லுச்சில்லால் அந்தப் பேப்பரில் எழுத்தின் ஓரம் நெடுகத் துளையிட்டு வைத்தாள். கரித்தூளைத் துணியில் கட்டி அதன்மேல் தட்டினால் அச்சு பலகையில் இறங்கிவிடும். எழுத்து கடைசி வேலை. முதலில் படம். தகரப் பலகை முழுக்கச் சிவப்பு. நடுவில் வெள்ளை மண்டையோடு. எருமைக் கொம்பு கறுப்புத்தானே, கொம்புக்குக் கறுப்பு. எழுத்து வரும் இடத்தில் சோக்கட்டியால் மட்டும் மெல்லக் கீறி வைத்தாள்.

முன்னொருநாள் கொட்டிலில் காய வைத்த சிவப்பின்மேல் கோழி நடந்து, அழகான வரிசையில் காலடி பதித்திருந்தது. இன்னொரு முறை அது நடக்கக்கூடாதென்று, பொழுதுபடும் நேரம் பலகையைத் தூக்கிப்போய், வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கைக்கு அப்பால், பற்றைக்காட்டு ஓரம் நின்ற பனங்குற்றியில் சாய்த்து வைத்தாள். கோழி அங்கே போகாது.

கோழி போகவில்லை. விடிந்தபோது ஒருவருமே போகவில்லை.

ஒழுங்கை என்றால் விடியற்காலையில் ஒரு கூத்து இருக்கும். பால்காரன் சைக்கிள் மணி அடிக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தும், அயல்வீட்டுச் செல்வராசாவின் எருமைகள் மேய்ச்சலுக்குப் போகும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. விளக்குமாறும் கையுமாக வாசல் படலையடிக்கு வந்த சுதாஜினி எட்டிப் பார்த்தாள். ஒழுங்கை வளைகிற முடக்கில் ஊரே நின்றது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இத்தனை கண் ஒரே நேரத்தில் அவள்மேல் விழுந்ததே இல்லை. பின்வாங்கக் கால் எடுத்தாள்.

"அசையாதை பிள்ளை!" என்று நாலைந்து குரல் கேட்டது.

அப்படியே நின்றாள். விளக்குமாறும் நின்றது.

"நாகேஸ்வரியக்கா! வெளிய வந்துறாதீங்க!" செல்வராசா கையைக் குழலாக வைத்துக் கத்தினார். மலைநாட்டிலிருந்து வந்து இந்தப் பக்கத்தில் வயல் செய்கிறவர். சிறிய விடயத்துக்கும் பெரிய குரல். "ஒங்க வீட்டுக்கு எதுத்தாப்ல போர்டு போட்டிருக்காங்க! மிதிவெடி!"

"நாங்க தெனம் ஆட்ட அங்கதானே கட்டினோம்!" என்று அவருடைய மனைவி வடிவம்மா நெஞ்சில் கை வைத்தார்.

சுதாஜினி மெல்லத் தலையை மட்டும் திருப்பினாள். பனங்குற்றியில் சிவப்புப் பலகை. நடுவில் வெள்ளை மண்டையோடு. கறுப்புக் கொம்பு இரண்டும் பற்றை நிழலோடு கலந்து காணாமல் போயிருந்தன. சோக்கு எழுத்து இவ்வளவு தூரத்துக்குத் தெரியாது. மிதிவெடிக்கு வைக்கிற இந்தப் படம் என்னவென்று, சண்டை நடந்த வன்னியில் எந்தக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அ, ஆவுக்கு முன்னால் படித்தது இதைத்தான். சுதாஜினியும் அப்படித்தான் படித்தாள். ஆனால் தூரிகை கையில் இருந்தபோது அவளுக்கு அது மண்டையோடாகத் தெரியவே இல்லை. கொம்பு எப்படி வளைகிறதென்றே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

வாகனம் ஒன்று வந்து நின்றது. யாரோ விடிந்தவுடனேயே போன் எடுத்துவிட்டிருந்தார்கள். மிதிவெடி அகற்றுகிற பிரிவுப் பெண் ஒருத்தி இறங்கினாள். பெயர் பிரேமிளா. நீலச் சீருடை, காலில் கணுக்காலுக்கு மேல் ஏறிய கனத்த சப்பாத்து. கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்திவிட்டு, ஒழுங்கை நடுவால் கொஞ்சத் தூரம் நடந்தாள். நின்றாள். கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்தாள். பிறகு அவளுடைய தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின.

"அழுகிறா போல," என்று வடிவம்மா பயந்துபோனார்.

பிரேமிளா திரும்பினாள். கண்ணில் தண்ணீர்தான். ஆனால் வாய் காதுவரை இருந்தது.

"எங்கட போர்டில கொம்பு இல்லை," என்றாள். "கொம்பு முளைச்ச மிதிவெடி நான் இன்னும் ஒண்டும் எடுக்கேல்லை. ஆர் இதைக் கீறினது?"

சரியாக அந்த நேரத்தில் 'ஆறுதலாய் வாறன்' வேகமாக வந்து நின்றது. பலகையைக் காட்டவென்று மாமா கிருசாந்தனையும் ஏற்றி வந்திருந்தார். சட்டைப்பையில் சிவப்பு நுனியோடு பிரஷ். ஊர் முழுக்க ஒரே தலையாகத் திரும்பியது.

"அண்ணே," என்றார் செல்வராசா, "நீங்கதானே வரைஞ்சது? நேத்து டீக்கடையில ஒரு மணிநேரம் சொன்னீங்களே."

மாமா வாயைத் திறந்தார். அந்த வாய் திறந்தும் சத்தம் வராததை ஊர் அன்றைக்குத்தான் கண்டது. கை தானாகப் போய்ச் சட்டைப்பையை மூடியது.

"நான் சொன்னது... எழுத்தை. எழுத்து இன்னும் எழுதேல்லை எல்லோ... மண்டையோடு... அது வந்து..."

"எனக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில சோதனை!" என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஆனந்தமாகக் கத்தியது. "போகேலாது! மிதிவெடி!"

படலையடியில் நின்ற சுதாஜினிக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. பயமென்றுதான் முதலில் நினைத்தாள். மேலே வர வரத்தான் தெரிந்தது, சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அவளுடைய தொண்டையின் சட்டதிட்டம் எதுவும் தெரியாது. கதவை உதைத்துத் திறந்துகொண்டு அது வெளியே பாய்ந்தது. திறந்த வழியால் எத்தனையோ வருடமாக உள்ளே இருந்த சொற்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடிவந்தன.

"அது மிதிவெடி இல்லை!" என்று கத்தினாள். "தயிர்! அது தயிர்! நான்தான் கீறினனான்!"

கூட்டம் பலகையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. அம்மா தோசைக்கரண்டியோடு ஓடிவந்து, கத்தியது யார் என்று சுற்றுமுற்றும் தேடினார்.

சுதாஜினி விளக்குமாற்றைப் போட்டாள். ஒழுங்கையைக் கடந்து பனங்குற்றிக்கு நடந்தாள். மிதிவெடி இல்லை என்று தெரிந்த பிறகும் அவள் வைத்த ஒவ்வோர் அடிக்கும் ஊர் மூச்சை உள்ளே இழுத்தது. பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, முடக்கில் நின்ற கூட்டத்தை நோக்கி வந்தாள். ஓரத்தில் இன்னும் காயாதிருந்த சிவப்பு விரலெல்லாம் பிசுபிசுத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சோதனை உள்ள பிள்ளை மட்டும் தட்டவில்லை.

கிருசாந்தன் ஓட்டோவின் படியில் குந்தியிருந்து தலையில் கை வைத்திருந்தான்.

"கடை திறக்க முந்தியே சனம் ஓடுது அண்ணை. நான் கிளிநொச்சிக்குப் போய் ஒரு பனர் அச்சடிக்கிறன். நல்ல எருமைப் படம் போனிலயே கிடக்கு."

தொப்பி போட்ட 'ப', சப்பாத்துப் போட்ட 'க', எல்லாம் இனிக் கொட்டிலிலேயே கிடக்கும். வழக்கமாக இந்த இடத்தில் மாமா புகுந்து பேசி எல்லாவற்றையும் நிமிர்த்திவிடுவார். மாமாவைப் பார்த்தாள். அவர் ஓட்டோவின் முன்சில்லை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணா," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கினாலும் நடந்தது. "எலும்பு போட்டாச்சு. இனி இறைச்சிதான் மிச்சம்."

"என்ன?"

"மண்டையோட்டுக்கு மேல எருமையை ஏத்திறன். உயிரோட. அந்தக் கொம்பு அப்பிடியே நிக்கும். நாளண்டைக்கு வந்து பாருங்கோ. பிடிக்காட்டில் பனர் அடியுங்கோ."

"நம்ம கறுப்பியப் பாத்து வரைங்க பாப்பா," என்றார் செல்வராசா உடனே. "அவ மொகவெட்டு இந்த மாவட்டத்துல எந்த எருமைக்கும் கெடையாது."

கிருசாந்தன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. "சரி, நாளண்டைக்கு."

சுதாஜினி நிலத்தில் இறக்கி நிறுத்திய பலகையைப் பிரேமிளா குனிந்து பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். சோக்குக் கோடுகளை விரலால் தொடாமல் தொடர்ந்தாள்.

"எழுத்துக்கு ஏன் தங்கச்சி சப்பாத்து?"

சுதாஜினி அவளுடைய காலைப் பார்த்தாள்.

"நீங்கள் ஏன் அக்கா போட்டிருக்கிறியள்? அதுக்குத்தான். அதுகளும் பயப்பிடாமல் வெளியில போய் வரவேணும் எல்லோ."

பிரேமிளா தன் வலதுகால் சப்பாத்தை, வீதியில் நின்றபடியே, சோக்குக் 'க'வின் சப்பாத்துக்கு நேரே கொண்டுவந்து அளவு பார்த்தாள். "எனக்கு அளவாத்தான் இருக்கு," என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் மாட்டுக்கொட்டில் கலியாணவீடுபோல இருந்தது. கறுப்பிக்கு நெற்றியில் திருநீறு பூசிக் கொண்டுவந்து கட்டினார் செல்வராசா. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் யோசனை சொன்னார்கள். மூக்கை இன்னும் கொஞ்சம் அகட்டச் சொன்னார் ஒருவர். கறுப்பியைச் சிரிக்க வைக்க முடியாதா என்று கேட்டான் ஒருவன். கறுப்பி அசைபோட்டபடி நின்றாள். மண்டையோட்டின் கண்குழிகளுக்குள் பாதி மூடிய, நித்திரைச் சொகுசுள்ள இரண்டு கண் வந்தன. வெள்ளை எலும்புமேல் சாம்பல் கறுப்பு ஏறியது. மூக்குநுனியில் மட்டும் பழைய வெள்ளையைக் கொஞ்சம் விட்டுவிட்டாள். எருமை இப்போதுதான் தயிர்முட்டிக்குள் வாய் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறதென்று நினைக்கவேண்டும்.

எழுத்துக்கு வந்தபோது சோக்குக் கோடு எல்லாம் ஆட்களின் கைபட்டு அழிந்திருந்தது; துளையிட்டு வைத்த பேப்பரையும் காணவில்லை. எல்லோரும் தேடினார்கள். கறுப்பியின் கடைவாயில் 'எருமை' என்ற சொல்லின் கடைசித் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"தன்ர பேரைத் தானே திண்டிட்டுது!" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

அச்சுப் பேப்பர் இல்லை, சுற்றிவர ஆட்கள். எந்த எழுத்தையும் அவள் ஆட்கள் முன்னால் எழுதியதில்லை. தூரிகையைத் தோய்த்தாள். அச்சில்லாமலே 'கொ'வின் கயிற்றைச் சுழற்றி எறிந்தாள். அது போய் விழவேண்டிய இடத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் தெரியவில்லை.

கிருசாந்தன் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். போனை எடுத்தான். பனர்க் கடைக்காரனிடம், "வேண்டாம் அண்ணை, வேண்டாம்," என்று சொல்லி வைத்தான்.

கடை திறக்கிற அன்று பரந்தன் சந்தியில் வெயில் கொளுத்தியது. பலகையை ஏற்றிப் பூட்டியாகிவிட்டது. ஒரு நட்சத்திரத்தின் முனை ஏற்றும்போது தேய்ந்துபோனதால் சுதாஜினி ஏணியில் நின்று அதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது மாமா. இரண்டு நாளாக அவர் அளவாகத்தான் பேசினார். ஆனாலும் பழக்கதோசம், பையில் அந்தப் பிரஷ் அப்படியே இருந்தது. யாழ்ப்பாணம் போகிற லொறி ஒன்று வேகம் குறைத்து ஓரத்தில் நின்றது. சாரதி எட்டிப் பார்த்துப் பலகையை வாய்விட்டு வாசித்தான். எருமையைப் பார்த்துச் சிரித்தான். மாமாவின் சட்டைப்பையைக் கண்டான்.

"அண்ணை, நீங்களோ கீறினது? என்ர லொறிக்கும் இப்பிடி ஒண்டு எழுதவேணும்."

மாமாவின் வாய் திறந்தது. மார்பு நிமிர்ந்தது. முதல் சொல் உதட்டுக்கு வந்ததைச் சுதாஜினி மேலே இருந்தே கண்டாள்.

"நான்தான் கீறினனான் அண்ணை," என்றாள் ஏணியிலிருந்து. இந்த முறை கத்தவேண்டியிருக்கவில்லை. "என்ன பேர் எழுதவேணும்? சப்பாத்தோ, தொப்பியோ?"

சாரதி அண்ணாந்து பார்த்தான். கடைக்குள்ளிருந்து கிருசாந்தன் பார்த்தான். முட்டித் தயிர் வாங்க வரிசையில் நின்ற வடிவம்மா பார்த்தார். மாமா, திறந்த வாயை ஆறுதலாக மூடினார். அவள் இறங்கி நிலத்தில் கால் வைக்கும்வரை ஏணியை விடவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் பிரஷ்ஷை எடுத்தார். சிவப்பு நுனியை ஒருமுறை பார்த்தார். அதை அவளுடைய மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள், மற்றத் தூரிகைகளோடு, நேராக நிற்கும்படி வைத்தார்.

ஓட்டோவில் ஏறினார். ஒரு சொல்லும் சொல்லாமல், 'ஆறுதலாய் வாறன்' முரசுமோட்டைப் பக்கம் திரும்பிப் போனது.